விருந்தினன் தரும் முகவரியும் மேற்பார்வையாளன் கடமையும்

(பழைய மாணவர் ஒருவர்)

கணினி என்னுஞ் சாதனம் இன்று மக்கள் வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் புகுந்து நிற்கின்றது. வங்கிக் கணக்கு, வைத்தியசாலைக் குறிப்பு, பரீட்சைப் பெறுபேறு, கடல் கடந்து வாழும் உறவினருக்கு நாம் விடுக்குஞ் செய்தி ஆகிய பலவும் எங்கோ தொலைவிலுள்ள பெருங் கணினிகளிற் பாதுகாக்கப்பட்டே, வேண்டியபோது நம்மை வந்தடைகின்றன. அப்பெருங் கணினிகளிற் பல ஒருவருக்கே உரியன அல்ல என்பதைப் பலர் அறியார். ஒரே இயந்திரத்தினுள் ஒருவரையொருவர் அறியாத பலர் குடியிருக்கின்றனர். வங்கியொன்றின் கணக்கேடும், வைத்தியசாலையொன்றின் பதிவேடும், தீய எண்ணத்துடன் வாடகைக்கு வந்த ஒருவனின் செய்நிரலும் ஒரே நினைவகத்தில் அருகருகே கிடத்தல் கூடும். அங்ஙனமிருந்தும் ஒருவர் ஏட்டை மற்றொருவர் வாசியாதிருப்பது எதனால்? இடையே நிற்குஞ் சுவர் யாது? அச்சுவர் எவ்விடத்தில் உறுதியானது, எவ்விடத்தில் நொய்யது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். சுவர் பெரும்பாலும் உறுதியானதே. ஆயினும் அச்சுவரில் ஒரு யன்னல் உண்டு. உள்ளே குடியிருப்பவன் அந்த யன்னலூடாக ஓர் எண்ணை நீட்டி, "இந்த இடத்தில் எனக்காக இதை எழுதிவிடுக" என்று கேட்கின்றான். வெளியே நிற்பவன் அந்த எண்ணை எவ்வாறு சோதிக்கின்றான் என்பதிலேயே அனைவரின் பாதுகாப்பும் தங்கியுள்ளது. சோதனை செய்யாதவனால் வந்த கேட்டினைப் போலவே, சோதனை செய்தும் வேறொன்றைச் சோதித்தவனால் வந்த கேடும் பெரிதென்பதைப் பின்னர்க் காண்போம்.

மேற்பார்வையாளன் யார்?

ஒரு கணினியின் எல்லா உறுப்புக்களையும் ஆளும் செய்நிரலைப் பணிசெயல் முறைமை என்கிறோம். அதன் நடுவாயுள்ள பகுதிக்கு ஆங்கிலேயர் முன்னர்ச் 'சுப்பவைசர்' என்று பெயரிட்டிருந்தனர். அந்தச் சுப்பவைசருக்கும் மேலே நின்று, பல சுப்பவைசர்களை ஒரே இயந்திரத்திற் குடியமர்த்தி ஆளுகின்ற வேறொரு செய்நிரல் தோன்றியபோது, அதனினும் மேலானது என்னும் பொருள்பட 'ஹைப்பர்வைசர்' எனப்பட்டது. இக்கட்டுரையில் அதனை மேற்பார்வையாளன் என்றும், அதன்கீழ் வாழும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் விருந்தினன் என்றும் வழங்குவோம். விருந்தினன் தன்னை ஒரு முழுக் கணினியாகவே கருதி இயங்குவான். உண்மையில் அவனுக்குக் கிடைத்திருப்பது ஒரு பங்கு மாத்திரமே.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞான நிலையத்தில் உருவான சி.பி.-40 என்னும் முறைமை 1967 சனவரியில் உபயோகத்துக்கு வந்தது. ஒவ்வொன்றும் 256 கிலோபைற்று நினைவகமுள்ள 14 மெய்நிகர் கணினிகள்வரை ஒரே இயந்திரத்தில் அது நடத்தியது. அதன் வழித்தோன்றலாகிய வீ.எம்./370 என்பது 1972 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1974 இல் ஜெரல்ட் பொப்பெக், றொபேட் கோல்ட்பேக் என்னும் அறிஞர் இருவர், எவ்வகை இயந்திரத்தில் இத்தகைய மேற்பார்வையாளனை அமைத்தல் இயலும் என்பதை வரையறுத்து எழுதினர். விருந்தினனுக்கு உண்மைக் கணினியிற் கிடைக்கும் அதே நடத்தை, வேகக்குறைவின்மை, வளங்கள் யாவும் மேற்பார்வையாளன் கைப்பிடியில் இருத்தல் ஆகிய மூன்றையும் அவர்கள் இலக்கணமாகக் கொண்டனர். இம்மூன்றனுள் இறுதியாயதே நமக்கு ஈண்டு வேண்டுவது.

பின்னர்ச் சிறு கணினிகள் பெருகிய காலத்தில் இக்கலை சிறிது மறக்கப்பட்டு, 1998 இல் வீஎம்வெயர் நிறுவனம் தோன்றியபின் மீண்டும் எழுச்சி பெற்றது. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸென்' என்னும் மேற்பார்வையாளன் 2003 இல் அறிஞர் அவையில் விளக்கப்பட்டது. அமசோன் நிறுவனம் 2006 இல் தொடங்கிய வாடகைக் கணினிச் சேவை அதன்மீதே அமைந்தது. 'கே.வி.எம்.' என்னும் மற்றொன்று 2007 இல் லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்டது. நாம் காணவிருக்கும் உதாரணங்கள் இவ்விரண்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. இவற்றின் மூலநிரல்களையும் குறைகளையும் எவரும் வாசிக்கத்தக்கதாக வெளியிடுவது வழக்கமாதலின், மாணவர் கற்பதற்கு இவை மிகவும் ஏற்றவை.

முகவரிகள் மூன்று

நினைவகம் என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட அறைகளின் தொகுதி. ஒவ்வோர் அறையும் ஒரு பைற்றைக் கொள்ளும். அறையின் எண்ணே அதன் முகவரி. அறைகள் 4096 கொண்ட ஒரு கூட்டத்தைப் பக்கம் என்பர்.

சாதாரண கணினியில் முகவரி இருவகைப்படும். செய்நிரல் கையாளும் முகவரி ஒன்று. உண்மையான பௌதிக முகவரி மற்றொன்று. முன்னையதைப் பின்னையதாக மாற்றும் அட்டவணையைப் பணிசெயல் முறைமை வைத்திருக்கும். மாற்றுந் தொழிலை முறைவழியாக்கி செய்யும். மெய்நிகர் கணினியிலோ மூன்றாவது முகவரி ஒன்று வந்து சேருகின்றது. விருந்தினன் தனது பௌதிக முகவரி என்று நம்பியிருப்பது உண்மையிற் பௌதிக முகவரியன்று. அவன் பூச்சியம் என்று எண்ணும் அறை, உண்மை இயந்திரத்திற் பல கோடி அறைகளுக்கு அப்பால் இருக்கலாம். அதனையும் ஒரு முறை மாற்றிய பின்னரே உண்மை அறை கிடைக்கும்.

இவ்விரண்டாம் மாற்றத்தைத் தாமே செய்யவல்ல முறைவழியாக்கிகளை ஏ.எம்.டி., இன்ரெல் ஆகிய நிறுவனங்கள் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டன. விருந்தினன் தானாக ஓர் அறையைத் தொடும்போதெல்லாம் அட்டவணை குறுக்கே நிற்கும். அவனுக்குரியதல்லாத அறை அவ்வட்டவணையில் இராது. எனவே அதனைத் தொடவும் இயலாது. சுவர் பெரும்பாலும் உறுதியானது என்று மேலே கூறியது இதுபற்றியே.

திறவுகோல் உடையவன்

அங்ஙனமாயின் அச்சம் எங்கே? விருந்தினன் தானாகச் செய்யமாட்டாத காரியங்கள் பல உள. வட்டில் எழுதுதல், வலையமைப்பில் அனுப்புதல், நினைவகப் பக்கங்களை மாற்றிக்கொள்ளுதல் முதலியவற்றுக்கு அவன் மேற்பார்வையாளனிடம் விண்ணப்பஞ் செய்கின்றான். இதற்கு 'ஹைப்பர்கோல்' என்று பெயர். "இன்ன முகவரியில் என் வேண்டுகோளை எழுதி வைத்துள்ளேன், விடையை இன்ன முகவரியில் எழுதுக" என்பதே பெரும்பாலான விண்ணப்பங்களின் வடிவம். இப்பொழுது நினைவகத்தைத் தொடுபவன் விருந்தினனல்லன், மேற்பார்வையாளன். அவனுக்கோ எல்லா அறைகளுந் திறந்தவை. விருந்தினனை மறிக்கும் அட்டவணை அவனை மறிப்பதில்லை.

ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்க. வாசகர் எவரும் பூட்டிய அலுமாரிகளைத் திறக்க இயலாது. திறவுகோல் நூலகப் பணியாளனிடம் உள்ளது. வாசகர் ஒரு துண்டில் அலுமாரி எண்ணை எழுதிக் கொடுப்பார். துண்டில் எழுதிய எண்ணை வாசகருக்கு உரித்தானதா என்று பாராமலே பணியாளன் திறப்பானாயின், பூட்டினால் யாது பயன்? வாசகருக்கு இல்லாத அதிகாரம் பணியாளன் கைவழியாக அவருக்குக் கிடைத்துவிடுகின்றதன்றோ? பணியாளன் தீயவனல்லன், பூட்டும் பழுதுபட்டதன்று. தன் அதிகாரத்தைப் பிறர் சொற்படி பிரயோகித்ததே குற்றம். 1988 இல் நோம் ஹாடி என்பவர் இத்தகைய நிலையைக் 'குழம்பிய பிரதிநிதி' என்னுங் கருத்துடைய பெயரால் விளக்கினார். மேற்பார்வையாளனுக்கு நேரும் ஆபத்துக்களிற் பல இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

முகவரியைச் சோதித்தல் என்றால், "இவ்வெண் உன்னுடையதா?" என்று ஒரு முறை கேட்பதுடன் முடிந்துவிடும் என எண்ணற்க. கேள்விகள் ஐந்து உள.

முதலாவது, தொடக்கம் எங்கே என்பது. கொடுத்த முகவரி விருந்தினனுக்கு உரிய பிரதேசத்துள் அமைந்ததா? இது வெளிப்படை.

இரண்டாவது, முடிவு எங்கே என்பது. எழுதவேண்டியது ஒரு பைற்றன்று, ஒரு நீளம். தொடக்கத்துடன் நீளத்தைக் கூட்டி முடிவைக் காண்பது இலகுவென்று தோன்றும். ஆனால் கணினியின் எண்கள் முடிவில்லாதன அல்ல. இரண்டு இலக்கம் மாத்திரமே காட்டும் ஒரு மானியைக் கருதுக. 90 உடன் 20 ஐக் கூட்டினால் அது 110 என்று காட்டாது. 10 என்றே காட்டும். விருந்தினனின் எல்லை 40 எனின், "தொடக்கமும் நீளமுஞ் சேர்ந்து 40 இற்கு மேற்படலாகாது" என்னும் விதியை இந்த 10 எளிதிற் கடந்துவிடும். 64 பிற்று முறைவழியாக்கியிலும் இதுவே நிகழும். மானி பெரிதென்பதன்றி வேறுபாடில்லை. ஆதலாற் கூட்டிப் பார்த்தலைத் தவிர்த்துக் கழித்துப் பார்த்தலே முறை. முதலில் நீளம் 40 இற்கு மேற்படாததா எனவும், பின்னர்த் தொடக்கம் 40 இலிருந்து நீளத்தைக் கழித்த மீதிக்கு மேற்படாததா எனவும் பார்த்தல் வேண்டும். கழித்தலில் மானி சுற்றி வர இடமில்லை.

மூன்றாவது, இடையே பக்க எல்லை குறுக்கிடுகின்றதா என்பது. விருந்தினன் பார்வையில் அடுத்தடுத்துள்ள இரு பக்கங்கள் உண்மை நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்னும் நியதியில்லை. கே.வி.எம். நேரத்தை விருந்தினனுக்கு அறிவிக்கும் பொருட்டு 32 பைற்று நீளமான ஒரு குறிப்பை அவன் காட்டும் முகவரியில் எழுதுவதுண்டு. நல்ல விருந்தினர் 32 ஆற் பிரிபடும் முகவரியையே கொடுப்பர். ஒரு பக்கத்துக்கு 4096 பைற்று. அதனை 32 ஆற் பிரித்தால் மீதியின்றி 128 வரும். ஆதலால் அத்தகைய முகவரியில் எழுதிய குறிப்பு ஒருபோதும் பக்கத்தைக் கடவாது. ஆனால், அங்ஙனம் பிரிபடுகின்றதா என்று எவருஞ் சோதிக்கவில்லை என்பது 2013 இல் வெளிப்பட்டது. பக்கத்தின் 4090 ஆம் இடத்தை ஒருவன் காட்டினானாயின், முதல் ஆறு பைற்று அவன் பக்கத்திலும், மீதி 26 பைற்று உண்மை நினைவகத்தில் அடுத்திருக்கும் யாரோ ஒருவர் பக்கத்திலும் எழுதப்படும். அந்த அயற்பக்கம் மேற்பார்வையாளனுடையதாகவே இருத்தலுங் கூடும். நல்லவர் எல்லாரும் இப்படியே செய்வர் என்பது சோதனையாகாது. சோதனை வேண்டுவது நல்லவர் பொருட்டன்று.

நான்காவது, முகவரி என்ற பெயரின்றி வரும் முகவரி உண்டா என்பது. வரிசை எண், பதிவேட்டு எண், எண்ணிக்கை எனப் பல பெயருடன் வரும் எண்கள், ஒரு தொடக்கத்துடன் கூட்டப்பட்ட மாத்திரத்தில் முகவரியாகிவிடும். ஸென் மேற்பார்வையாளனில் 2014 இல் வெளியான குறை இதற்கு உதாரணம். குறித்த ஒரு சாதனத்துக்கு 256 பதிவகங்களே உரியன. ஒவ்வொன்றுக்கும் 16 பைற்று வீதம் 4096 பைற்று, அதாவது சரியாக ஒரு பக்கம், ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் வாசிக்கும் பகுதி 1024 எண்களை ஏற்றது. 1024 ஐ 16 ஆற் பெருக்கினால் 16,384. எனவே ஒரு பக்கத்துக்கு அப்பாலும் மூன்று பக்க அளவினை விருந்தினன் வாசிக்க முயலலாமாயிற்று. அப்பக்கங்கள் பிற விருந்தினருடையனவாகவோ மேற்பார்வையாளனுடையனவாகவோ இருக்கலாம். இக்குறை பகிரங்கமாவதற்கு முன்னர்த் திருத்தும் பொருட்டு, அமசோன் நிறுவனம் தனது வாடகைக் கணினிகளில் நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவானவற்றை நிறுத்தி மீண்டுந் தொடங்க நேர்ந்தது. பெருக்கல் வாய்பாட்டில் ஒரு வரியைப் பார்க்கத் தவறியதன் விலை அத்துணை.

ஐந்தாவது, சோதித்ததும் தொட்டதும் ஒன்றேயா என்பது. மேலுள்ள நான்கினையும் அறிந்தவரும் வழுக்குவது இவ்விடத்திலேயே. ஆதலின் இதனைத் தனியே விரித்துரைப்போம்.

ஒரு முறை திருத்தியும் தீராத குறை

ஸென் மேற்பார்வையாளனிடம் ஒரு விருந்தினன் செய்யத்தக்க விண்ணப்பங்களுள் ஒன்று, தன்னிடமுள்ள சில பக்கங்களைக் கொடுத்து வேறு பக்கங்களைப் பெறுதல். சாதனங்களுடன் நேரே தொடர்புகொள்வதற்கு அடுத்தடுத்துள்ள பக்கங்கள் தேவைப்படும்போது இது பயன்படும். புதிதாகக் கிடைத்த பக்கங்களின் எண்களை மேற்பார்வையாளன் ஒரு பட்டியலாக எழுதிக் கொடுப்பான். பட்டியலை எங்கே எழுதவேண்டும் என்பதை விருந்தினனே முகவரியாகக் காட்டுவான். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 8 பைற்று.

2012 டிசெம்பரில் வெளியான 29 ஆம் இலக்க எச்சரிக்கை, இப்பகுதியில் அம்முகவரி சோதிக்கப்படவேயில்லை என்று அறிவித்தது. மேற்பார்வையாளனுக்கே ஒதுக்கிய பிரதேசத்தை ஒருவன் காட்டினாலும் அங்கே எழுதப்பட்டுவிடும். உடனே திருத்தஞ் செய்யப்பட்டது: பட்டியலின் தொடக்க முகவரி விருந்தினனுக்கு உரிய பிரதேசத்துள் அமைந்ததா என்னுஞ் சோதனை சேர்க்கப்பட்டது. இங்கே இரண்டாவது கேள்வியாகிய முடிவு ஏன் கேட்கப்படவில்லை என்று மாணவர் வினவலாம். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அதனைச் சிறிய அளவில் விளக்குவோம்.

ஒரு தெருவில் 0 முதல் 99 வரை எண்ணிட்ட நூறு மனைகள் உள்ளன என்று கொள்க. 0 முதல் 39 வரையும், 80 முதல் 99 வரையும் விருந்தினனுக்கு உரியவை. 60 முதல் 79 வரை மேற்பார்வையாளனுக்கு உரியவை. 40 முதல் 59 வரை மனையே இல்லை, வெறும் பள்ளம். அப்பள்ளத்திற் காலடி வைத்த மாத்திரத்தே இயந்திரம் எச்சரிக்கை எழுப்பித் தடுத்துவிடும். 64 பிற்று முறைவழியாக்கியின் முகவரித் தெருவும் இவ்வடிவினதே. 2 இன் 47 ஆம் அடுக்கு, அதாவது 140,737,488,355,328 இற்குக் கீழுள்ளது ஒரு பிரதேசம். அதற்கு மேலே முகவரியே ஆகாத மாபெரும் பள்ளம். பள்ளத்தின் அக்கரையில் மேற்பார்வையாளன் வீடு.

ஒருவன் 30 ஆம் மனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே நடந்து செல்வானாயின், 60 ஐ அடையுமுன் 40 இற் பள்ளத்தில் விழுவான். 80 இலிருந்து நடப்பானாயின் 99 ஐக் கடந்து மீண்டும் 0 இற்கே வருவான். ஆகவே தொடக்கம் நல்ல மனையாயின், நடை எத்துணை நீளமாயினும் மேற்பார்வையாளன் வீட்டுக்குட் புக வழியில்லை. முடிவைச் சோதிக்கவேண்டிய தேவை இதனால் இல்லாதொழிந்தது. இஃது அழகிய சிக்கனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இச்சிக்கனத்தின் கீழ் ஒரு நிபந்தனை மறைந்து கிடந்தது: நடப்பவன் தொடக்கத்திலிருந்தே நடக்கவேண்டும்.

பக்கங்களை மாற்றும் வேலை நெடியது. நடுவே அதனை நிறுத்தி, வேறு வேலை பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியிருக்கும். இதன்பொருட்டு, "இதுவரை எத்தனை வரி முடிந்தது" என்னும் ஓர் எண் விண்ணப்பத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. முதலில் இதனைப் பூச்சியமாக வைப்பது விண்ணப்பிப்பவன் பொறுப்பு என்று விதிமுறை கூறிற்று. ஒருவன் பூச்சியமாக வையாது 35 என்று எழுதினானாயின் யாது நிகழும்? தொடக்கம் 30, அது நல்ல மனை, சோதனை தேறிவிட்டது. ஆனால் முதல் வரி எழுதப்படுவது 30 இலன்று. 30 உடன் 35 ஐக் கூட்டிய 65 இல். பள்ளத்திற் காலடி படவேயில்லை. ஒரே தாவலில் மேற்பார்வையாளன் வீட்டு நடுமுற்றத்தில் இறங்கிவிட்டான்!

கூகிள் நிறுவனத்தின் 'புறொஜெக்ற் சீரோ' என்னும் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ஜான் ஹோர்ன் என்பவர் இதனைக் கண்டறிந்தார். 2017 ஏப்பிரில் 4 ஆம் திகதி 212 ஆம் இலக்க எச்சரிக்கையாக இது வெளிவந்தது. 2012 இற் செய்த திருத்தம் போதாது என்பதை நான்கு ஆண்டும் நான்கு மாதமுங் கழிந்தபின்னரே உலகம் அறிந்தது. அக்காலம் முழுவதும் அவ்விடத்தில் ஒரு சோதனை இருந்தது. வாசித்தவர் அனைவரும் அதனைக் கண்டிருப்பர். கண்டமையாலேயே மனநிறைவுங் கொண்டிருப்பர். சோதனையே இல்லாத இடம் ஐயத்தை எழுப்பும். தவறான சோதனை உள்ள இடமோ ஐயத்தை உறங்கச் செய்யும்.

இரண்டாந் திருத்தம் மிகச் சிறிது. பட்டியலின் தொடக்கத்தைச் சோதிப்பதற்குப் பதிலாக, இனி எழுதப்படவிருக்கும் முதல் வரியிலிருந்து இறுதி வரி வரையுள்ள பகுதி சோதிக்கப்படலாயிற்று. அதாவது, காட்டிய முகவரியை விட்டுத் தொடப்போகும் முகவரி சோதனைக்கு உள்ளானது. இக்கட்டுரை சொல்ல முற்படுவது முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கிவிடும்.

சோதித்தபின் மாறும் பொருள்

இடத்தால் மாறுபடுவது போலவே காலத்தாலும் மாறுபடுதல் உண்டு. விண்ணப்பம் விருந்தினனின் நினைவகத்திலேயே கிடக்கின்றது. மேற்பார்வையாளன் அதனை வாசித்து, முகவரி நல்லதென்று தேர்ந்து, மீண்டும் வாசித்து அம்முகவரியில் எழுதுகின்றான் என்க. இவ்விரண்டு வாசிப்புக்கும் இடையே, விருந்தினனுடைய மற்றொரு முறைவழியாக்கி அவ்வெண்ணை மாற்றிவிடுமாயின்? சோதிக்கப்பட்டது ஒன்று, தொடப்பட்டது வேறொன்று.

இதற்கு மருந்து பழையது. ஐ.பி.எம். இயந்திரங்களில் வட்டு, நாடா முதலியவற்றை இயக்குவதற்குச் 'சனல்' என்னுந் தனியுறுப்பு இருந்தது. 8 பைற்று நீளமான கட்டளைகள் அதற்கு வழங்கப்படும். ஒவ்வொன்றிலும் 24 பிற்று முகவரி ஒன்று இருக்கும். சனல் அட்டவணையைப் பாராது. பௌதிக முகவரியையே கொள்ளும். ஆதலால் விருந்தினன் எழுதிய கட்டளைகளை அப்படியே ஓடவிடுதல் ஆகாது. சி.பி.-67, வீ.எம்./370 ஆகியவற்றில் மேற்பார்வையாளன் அக்கட்டளைகளைத் தன் சொந்த நினைவகத்தில் படியெடுத்து, முகவரிகளைச் சோதித்து மாற்றி, உரிய பக்கங்கள் இடம்பெயராவண்ணம் நிறுத்திவைத்து, தான் எடுத்த படியையே ஓடவிடுவான். விருந்தினன் பின்னர்த் தன் மூலத்தை எவ்வாறு திருத்தினாலும் படி மாறாது.

இதனால் ஓர் இடரும் விளைந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 'ஐசாம்' என்னுங் கோப்பு முறையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளும் சனற் கட்டளைகள் இருந்தன. அவை தீய எண்ணமுடையன அல்ல. ஆயினும் படியெடுத்து ஓடும் முறைக்கு ஒவ்வாதன. அவற்றுக்கென வீ.எம்./370 இல் தனி ஏற்பாடு செய்ய நேர்ந்தது. காவலைக் கைவிடாது விதிவிலக்கினைத் தனியே அமைத்த அப்பொறியியலாளரின் பொறுமை போற்றத்தக்கது.

"ஒரு முறை படியெடு, படியைச் சோதி, படியையே பயன்படுத்து" என்பது இதிலிருந்து பெறப்படும் விதி. கேட்பதற்கு எளிது, காப்பதற்கு அரிது. 2015 டிசெம்பரில் வெளியான 155 ஆம் இலக்க எச்சரிக்கை இதனை உணர்த்தும். பொதுநினைவகத்திலுள்ள ஒரு மதிப்பை நிரலாளர் ஒரு முறையே வாசிப்பதாக எழுதியிருப்பினும், அதனை இயந்திர மொழிக்குப் பெயர்க்குஞ் செய்நிரல் தன் வசதிக்காக இரு முறை வாசிக்குமாறு பெயர்த்துவிடலாம். எழுதியவர் கண்ணுக்கு ஒரு வாசிப்பு, இயந்திரத்துக்கு இரண்டு. ஆகவே, ஒரு முறைக்கு மேல் வாசிக்கலாகாது என்னுங் கட்டளையையும் வெளிப்படையாக எழுதவேண்டியதாயிற்று.

முடிவுரை

இக்காலத்து அறிஞர் இக்கடமையை மனிதரின் ஞாபகத்தில் மாத்திரம் விட்டுவைக்க விரும்பவில்லை. விருந்தினனின் முகவரிக்கும் மேற்பார்வையாளனின் முகவரிக்கும் செய்நிரல் மொழியிலேயே வெவ்வேறு இனங்களை அமைத்து, ஒன்றை மற்றொன்றாகக் கருதி எழுதினால் மொழிபெயர்க்கும் வேளையிலேயே பிழை காட்டுமாறு செய்கின்றனர். அமசோன் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட 'பயர்கிராக்கர்' என்னுஞ் செய்நிரல், எல்லை கடந்து எழுதுவதை இயல்பாகவே தடுக்கும் 'றஸ்ற்' மொழியில் எழுதப்பட்டது. இவை நல்ல துணைகள். ஆயினும், எதனைச் சோதிக்கவேண்டும் என்று தீர்மானிப்பவன் மனிதனே. தொடக்கத்தைச் சோதித்து நடுவிலே தொட்டவனை எந்த மொழியும் முற்றாகக் காக்கமாட்டாது.

விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றியவர் நம் முன்னோர். விருந்தினனை ஐயுறவேண்டும் என்று கூறும் இத்துறை அவ்வறத்துக்கு மாறானதோ என்று சிலர் கருதலாம். அன்று. ஒரே கூரையின்கீழ் விருந்தினர் பலர் தங்கும்போது, ஒருவன் கேட்டதை ஆராயாது கொடுப்பது ஏனையோர்க்குச் செய்யுந் துரோகமாகும். எல்லாரையும் ஒரே அளவுகோலாற் சோதிப்பவனே எல்லாரையும் உபசரிக்க வல்லவன்.

கணிதமும் கணினி விஞ்ஞானமும் பயிலும் நம் கல்லூரி மாணவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இத்துறைக்கு வேண்டிய கணிதம் கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் என்னும் நான்கே. 256 ஐப் பதினாறாற் பெருக்கினால் 4096 என்பதும், 90 உடன் 20 ஐக் கூட்டினால் மானி 10 என்று காட்டுமென்பதும் கீழ்வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். வேண்டுவது, விடை கண்டபின்னும், "நான் சோதித்தது எதனை? தொடப்போவது எதனை? இரண்டும் ஒன்றேயா?" என்று இன்னுமொரு முறை கேட்கும் வழக்கம். அவ்வழக்கத்தை வகுப்பறையிற் பெற்ற மாணவர் நாளை உலகின் பெருங் கணினிகளைக் காக்கும் பணியிலமர்ந்து, தமக்கும் தம்மை வளர்த்த கல்லூரிக்கும் நற்பெயர் ஈட்டுவாராக.